ஸ்டாண்டர்டு ஹெரால்டா, முதல் வடிவ மாருதி 800-ஆ? எதை எடுப்பது?

கோவை_டிரைவ்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு பழைய காரை வாங்கி, முடிந்தவரை நானே வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போது ஒரே நேரத்தில் இரண்டு வண்டி வந்திருக்கிறது. ஒன்று 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, திருச்சிப் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் நிற்கிறது, ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது. இன்னொன்று 1984 மாருதி 800, அதாவது 86-ல் புது வடிவம் வருவதற்கு முந்தைய எஸ்.எஸ்.80, சென்னையில் ஒரே ஓனர். விலை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹெரால்டுக்கு எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரம், பாடிக்கு அடியில் தனி சேசிஸ், அதாவது இரும்புச் சட்டம். மாருதிக்கு எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தையே சுற்றுகிறது, சேசிஸ் என்று தனியாக எதுவும் இல்லை. சிசி கிட்டத்தட்ட பக்கத்தில்தான், 948-ம் 796-ம். பவரும் இரண்டுக்கும் 40 குதிரைத்திறனுக்குள். ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு உலகம். அழகைப் பற்றிப் பேச வேண்டாம், அது எனக்கே தெரியும். வைத்துக் காப்பாற்றுவது, ஓட்டுவது, பாகம் கிடைப்பது, பேப்பர், இவற்றைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூணு_சிலிண்டர்:
யோசிக்கவே வேண்டாம், எஸ்.எஸ்.80 எடுங்கள். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுத்தது இந்த வடிவத்தைத்தான், 86-ல் மாறிவிட்டது, ஆக இரண்டரை வருஷம் சொச்சம்தான் வந்தது. தெருவுக்குத் தெரு 800 பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரிவதில்லை, அந்தக் காரணத்தாலேயே முக்கால்வாசி வண்டி உடைத்து எடைக்குப் போய்விட்டது.

எஞ்சின் எஃப்8பி, அலுமினிய ஹெட், ஓவர்ஹெட் கேம். இதே எஞ்சின் ஆம்னியில் 2019 வரை வந்துகொண்டிருந்தது, அதனால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எதற்கும் அலைய வேண்டியதில்லை, எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். காலையில் சோக் இழுத்து ஒரு திருப்பு, அவ்வளவுதான். மொத்த வண்டியும் 650 கிலோவைச் சுற்றித்தான், அதனால்தான் இந்தச் சின்ன எஞ்சின் திணறாமல் போகிறது. பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லாததால் நடுவில் மேடு இல்லை, இவ்வளவு சின்ன வண்டிக்குள் நாலு பேர் கால் நீட்டி உட்கார முடிவது இதனால்தான். மழையில் எஞ்சின் எடை முழுக்க முன் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது, இழுத்துக்கொண்டு நேராகப் போகும்.

ஹெரால்டு வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம் போதும், அதன் பின் ஆக்சில். அதைப் பற்றி யாராவது உண்மையைச் சொல்லட்டும்.

பட்டை_ஸ்பிரிங்_சேலம்:
சொல்கிறேன் தம்பி, ஆனால் ஆக்சிலுக்கு முன்னால் ஹெரால்டு என்றால் என்ன என்று முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இந்த வண்டியை வைத்திருக்கிறேன், வேறு ஆட்களுடையதற்கும் வேலை பார்த்திருக்கிறேன்.

1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தபோது, எல்லாரும் மோனோகாக், அதாவது தனி சேசிஸ் இல்லாமல் பாடியே வண்டியைத் தாங்கும் முறை, பக்கம் போய்விட்ட காலம். இவர்கள் மட்டும் ஏன் தனி சேசிஸுக்குத் திரும்பினார்கள் என்றால், பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-லேயே வாங்கிவிட்டது. முழு பாடியைச் செய்து தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் செய்து சேசிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். டிசைன் இத்தாலியில் டூரின் நகரத்து மிக்கெலாட்டி. அவர்களுடைய நெருக்கடி நமக்கு வசதியாகப் போனது, ஏனென்றால் பெட்டி பெட்டியாக அனுப்பி வேறு நாட்டில் மாட்டுவதற்கு இதைவிடத் தோதான கார் கிடையாது. 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்ய ஆரம்பித்தது, பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்துப் பழைய ஆட்கள் கேட்டால் அந்த ஃபேக்டரியைப் பற்றிச் சொல்வார்கள். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது, இங்கிலாந்துக்காரர்கள் படம் பார்த்தே ஆச்சரியப்படுவார்கள்.

இப்போது வேலை பார்ப்பவனுக்கு இதன் அர்த்தம் என்ன? பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டு. பக்கத்துக் கொக்கி இரண்டையும் விடுவித்து முன்பக்கமாகத் தூக்கினால் முதலை வாயைப் பிளந்த மாதிரி மொத்தமும் திறந்துகொள்ளும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, அட்ஜஸ்ட் பண்ணலாம். ஃபீலர் கேஜில் 10 தௌசண்ட், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, எல்லா வால்வுக்கும் ஒரே அளவு, எஞ்சின் ஆறியிருக்கும்போது. டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டியரிங் ராக், ஷாக் அப்சார்பர், எதற்கும் குனிய வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கக் கீழே போகவே வேண்டியதில்லை, உள்ளே நடுவில் இருக்கும் கவரைக் கழற்றி சீட் பக்கமாகவே எடுத்துவிடலாம். மாருதியில் கிளட்ச் மாற்ற வேண்டும் என்றால் இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்டையும் உருவ வேண்டும்.

அப்புறம் திருப்பம். 25 அடி டர்னிங் சர்க்கிள். முன் சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்ட் போகவில்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் திரும்பும். குறுகலான தெருவில் ஒரே வீச்சில் வண்டியைத் திருப்புவதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

மூணு_சிலிண்டர்:
எல்லாம் சரி சார், ஆனால் ஆக்சிலைத் தொடவே இல்லையே. ஸ்விங் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு நிற்கிறது, இரண்டு பக்க அரை ஆக்சிலும் உள்பக்க ஜாயின்ட்டில் மட்டும் ஆடுகிறது, வெளிப்பக்கம் ஜாயின்ட் கிடையாது. அதனால் சக்கரம் மேலே கீழே போகும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். வளைவில் வேகமாகப் போய் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், டயரின் ஓரம் மட்டும்தான் ரோட்டில் இருக்கும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும். கோயம்புத்தூர்க்காரர் மலை ஏறாமல் இருக்கப்போவதில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. இறங்கும்போது நடு வளைவில் எதிரே பஸ் வந்தால் மனுஷன் செய்யும் முதல் காரியம் காலை எடுப்பதுதான்.

மாருதியில் அதே இடத்தில் காலை எடுத்தால் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும், அவ்வளவுதான். வேகமாகப் போனாலும் முன்பக்கம் அகலப் போகும், ஸ்டியரிங்கில் முன்கூட்டியே தெரியும். இது பழகாத ஆளையும் காப்பாற்றும்.

பட்டை_ஸ்பிரிங்_சேலம்:
தம்பி சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, விளக்கம் சரியானது. ஆனால் எந்த வேகத்தில் என்பது விட்டுப்போய்விட்டது. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரிலோ இரண்டாவதிலோ போகும்போது ஹெரால்டின் பின்பக்கம் எழும்பாது. ஆபத்து இருப்பது மூன்றாவது, நாலாவது கியரில் எடுக்கும் நீண்ட வளைவில். வளைவுக்கு முன்னால் நேரான இடத்திலேயே வேகத்தைக் குறை, கியரை இறக்கு, உள்ளே போன பிறகு லேசாக ஆக்சிலரேட்டர் மிதித்தபடியே வெளியே வா. இந்த மூன்றையும் கால் பழகிவிட்டால் பிரச்சினை இல்லை. ஒன்று கவனிக்க வேண்டும், ஹெரால்டில் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, நின்ற பிறகுதான் முதல் கியருக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவதிலேயே தம் பிடித்து எடுக்க வேண்டும்.

டயர் காற்றும் பட்டையும் இன்னும் முக்கியம். பின்பக்கம் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங்தான் இரண்டு சக்கரத்துக்கும். யாராவது உயரம் கூட்டுவதற்காக அதில் எக்ஸ்ட்ரா இலை சேர்த்து வளைத்து வைத்திருந்தால் காலியாக நிற்கும்போதே சக்கரம் கீழ்ப்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், அந்த வண்டிதான் சுற்றும். பின்னாலிருந்து பாருங்கள், காலியாக இருக்கும்போது சக்கரம் நேராகவோ மேற்பக்கம் துளி உள்ளே சாய்ந்தோ நிற்க வேண்டும்.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த ஆக்சில் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் ஹெரால்டுக்குப் பிறகு 70-களில் வந்த கெஸல் காரில் கம்பெனியே அதை எடுத்துவிட்டு அம்பாசடர், ஃபியட் மாதிரி முழு ஆக்சில் போட்டது. எஞ்சின் அதே 948. கெஸலை ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பயம் போய்விட்டது, ஆனால் மோசமான ரோட்டில் ஹெரால்டுக்கு இருந்த அந்த மெத்தென்ற ஓட்டமும் போய்விட்டது.

கவென்ட்ரி_தமிழ்:
ஹெரால்டு பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். டிரையம்ஃப் ஃபேக்டரி இருந்த கேன்லி இங்கேதான். பின் ஆக்சிலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் ஹெரால்டில் ஆளைக் கவிழ்ப்பது முன்பக்கம். திருச்சி வண்டிக்குப் பணம் கொடுக்கும் முன் ட்ரன்னியனைப் பாருங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தூணின் அடிப்பக்கத்தில் மரை வெட்டியிருக்கும், அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். அதுதான் ட்ரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுற்றுகிறது. இதற்குள் போக வேண்டியது கியர் ஆயில், இபி 90. கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் அடி வரைக்கும் இறங்காது, மேலேயே கட்டியாக நின்றுவிடும், அடியில் தண்ணீர் தங்கும், துரு மரையைத் தின்னும், ஒரு நாள் தூண் அறுந்து சக்கரம் மட்கார்டுக்குக் கீழே மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் அறும், ஏனென்றால் அப்போதுதான் அதில் முறுக்கு அதிகம். கிரீஸ் நிப்பிள் மாதிரி ஒன்று இருப்பதைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் கிரீஸ் கன்னை வைத்துவிடுகிறார்கள், அங்கேயும் இங்கேயும் இதே கதைதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பழைய ஆயில் வெளியே வந்து புது ஆயில் மேலே கசியும் வரை அடிக்க வேண்டும். சீராகச் செய்துவந்தால் ஆயுசுக்கும் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் புது ட்ரன்னியனும் தூணும் இங்கே இன்றும் செய்து விற்கிறார்கள், வாங்கியதும் மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

பாகத்தைப் பொறுத்தவரை ஒரு விசித்திரம் இருக்கிறது. 1984 மாருதியின் டெயில் லைட்டைவிட 1967 ஹெரால்டின் பிரேக் சிலிண்டர் சுலபமாகக் கிடைக்கும். இங்கே இந்தக் குடும்பத்து டிரையம்ஃப் கார்களுக்கு உயிரோடு ஒரு மார்க்கெட் இருக்கிறது, ஸ்பிட்ஃபயர் காரோடு பாதிப் பாகம் பொதுவானது. எஸ்.எஸ்.80-க்கு எஞ்சின் பாகம் கிடைக்கும், சரிதான். கண்ணாடி, கிரில், லைட், டேஷ்போர்டு, கதவு ரப்பர்?

மூணு_சிலிண்டர்:
அது நியாயமான கேள்வி. கிடைக்காது. 86-க்குப் பிறகு வந்த வடிவத்தின் கண்ணாடியும் லைட்டும் இதற்குப் பொருந்தாது. சென்னையில் பழைய பாகம் விற்கும் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எப்போதாவது வரும், ஆனால் வரும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அதனால் எஸ்.எஸ்.80 வாங்கினால் குறையில்லாத வண்டியாக வாங்க வேண்டும். எஞ்சின் ஜாமாகியிருந்தாலும் பரவாயில்லை, எல்லாக் கண்ணாடியும் எல்லா லைட்டும் இருக்க வேண்டும்.

அதைவிட துரு. தனி சேசிஸ் இல்லாததால் தரைத்தகடும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பக்கத்துப் பெட்டியும்தான் வண்டியின் எலும்பு. முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் மேலே வந்து முட்டும் இடத்தில் தகடு வீங்கியிருக்கிறதா பாருங்கள். டிரைவர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கி, பெடலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் விட்டுவிடுங்கள். டிங்கர் மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்து அண்டர்கோட்டிங் பூசியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சின்ன சுத்தியலால் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்கும். டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா பாருங்கள், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி மெதுவாக நகர்த்தும்போது டக் டக் என்று கேட்டால் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது, அது மாற்றக்கூடியதுதான், பயப்பட வேண்டாம்.

கோவை_டிரைவ்:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி. இப்போது பங்கில் எத்தனால் கலந்துதான் வருகிறது, இந்த இரண்டு எஞ்சினும் தாங்குமா? அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எது தலைவலி?

ஆர்சி_புக்:
பேப்பர் பக்கத்தை நான் சொல்கிறேன். 2021-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, அடிப்படை மாற்றம் எதுவும் செய்யாத காரை விண்டேஜ் என்று தனியாகப் பதிய வழி செய்தது. புதுசாகப் பதிந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு எண் வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. ஏற்கெனவே பதிவில் இருக்கிற வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், 67 வண்டி என்றால் மெட்ராஸ் மாநிலம் என்று இருந்த காலத்து எண், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் விண்டேஜாகப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரி விஷயத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரிப் பயன்பாட்டுக்குக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவதுதான் நோக்கம் என்றால் சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதுதான் தோது.

84 மாருதி 2034 வரைக்கும் இந்த விண்டேஜ் வரையறைக்குள் வராது. அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கார்தான். எதை வாங்கினாலும் ஆர்.சி. புத்தகத்து எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்து நீங்களே படியுங்கள். ஹெரால்டில் எஞ்சின் மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டை_ஸ்பிரிங்_சேலம்:
பெட்ரோலுக்கு வருகிறேன். எத்தனால் 20 சதவீதம் வரை வருகிறது. பழைய ரப்பர் ஓஸ், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் சீல் எல்லாவற்றையும் அது ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். ஈரத்தை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து துருவேறும். இரண்டு வண்டிக்கும் இது பொருந்தும். ஓஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிடுங்கள், கலவை கொஞ்சம் மெலிந்து போவதால் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிசாகப் போட வேண்டியிருக்கலாம், பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தால் அதுதான் அறிகுறி.

ஹெரால்டுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நின்றுவிட்டது. இதன் வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் ஈயத்தை நம்பிச் செய்தது. டாப்பெட் கேப் வைத்த பிறகும் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே போகிறது என்று அர்த்தம். கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள், லேத்துக்குப் பஞ்சமா? ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் ரிங் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

கவென்ட்ரி_தமிழ்:
முன் இழுவை மழையில் நல்லது என்று மேலே வந்தது, சமதளத்தில் சரி. ஈரமான செங்குத்து ஏற்றத்தில் நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு நின்று கிளப்பிப் பாருங்கள். எடை பின்னால் போய்விடும், முன் சக்கரம் கீச்சென்று சுழலும். அதே எஃப்8பி எஞ்சினை ஆம்னியில் முன் சீட்டுக்குக் கீழே வைத்துப் பின் சக்கரத்துக்கு இழுவை கொடுத்தார்கள், சுமை ஏற ஏற அதற்குப் பிடிப்பு கூடும். ஹெரால்டும் இந்த விஷயத்தில் ஆம்னி பக்கம்தான்.

மூணு_சிலிண்டர்:
அதை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஏற்றம் எத்தனை முறை வரும்? தினமும் வருவது டிராஃபிக், வெயில், பிரேக். அங்கே மாருதிக்கு நிகர் இல்லை.

கோவை_டிரைவ்:
இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன இடங்களையெல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

சென்னை எஸ்.எஸ்.80 வெளியே பளபளவென்று இருந்தது, எஞ்சின் நிற்கிறதா ஓடுகிறதா என்றே தெரியாத அளவுக்கு ஐட்லிங். கண்ணாடி, லைட், கிரில் எல்லாம் ஒரிஜினல். ஆனால் கால்மிதியைத் தூக்கியதும் பெடலுக்குக் கீழே தகடு மேல் தகடு. சுத்தியலால் தட்டினால் பாதி இடம் கணீரென்றும் பாதி இடம் சத்தமே இல்லாமலும் இருந்தது. ஓனர் நல்ல மனுஷர், அவருக்கே தெரியாது.

திருச்சி ஹெரால்டு பார்க்க அலங்கோலம். பெயின்ட் உரிந்திருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது. சேசிஸின் நடுச் சட்டத்திலிருந்து இரு பக்கமும் நீளும் கைகளில் இரண்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது, நடு முதுகெலும்பு கெட்டியாக இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்கிறது, பட்டையில் யாரும் கை வைக்கவில்லை. ட்ரன்னியனில் கிரீஸ்தான் அடைத்திருக்கிறது. எஞ்சின் நம்பர் ஒத்துப்போகிறது. ஓட்டிப் பார்த்தேன், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதால் முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருக்கிறது, ஆனால் அந்த ஸ்டியரிங் இருக்கிறதே, இந்த வயசு வண்டியில் இவ்வளவு நேரடியாக ரோட்டைச் சொல்லும் என்று நினைக்கவில்லை.

எனக்கு வெல்டிங் தெரியாது. போல்ட் கழற்றி மாட்டத் தெரியும். அதனால் ஹெரால்டு பக்கம் சாய்கிறேன்.

மூணு_சிலிண்டர்:
அந்த எஸ்.எஸ்.80 தரையைப் பற்றிச் சொன்னதைப் பார்த்தால் நானும் உங்களை அதில் தள்ள மாட்டேன். ஆனால் அந்த வண்டியை எடைக்குப் போக விடாதீர்கள். ஓனர் சம்மதித்தால் எனக்குத் தனிமடலில் தகவல் சொல்லுங்கள், தரையை முழுசாக வெட்டி எடுத்துப் புதுத் தகடு போடத் தெரிந்த ஆள் என்னிடம் இருக்கிறார்.

பட்டை_ஸ்பிரிங்_சேலம்:
நல்ல முடிவு. சேசிஸ் பக்கத்துக் கைகளை மாற்றும்போது பாடியைத் தூக்கிவிட்டு மாற்றாதீர்கள், பாடி மேலே இருக்கும்போதே ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள், இல்லையென்றால் கதவு இடைவெளி திரும்பச் சேராது. இப்போதே இரண்டு கதவின் இடைவெளியையும் மேலே, நடுவே, கீழே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரன்னியன் மாறும் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், திருச்சியிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.